குறடு தண்ணீரில் விழுந்துகொண்டே இருக்கிறதா? களப்பில் இறங்கித் தூண்டில் போடுபவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய், பூநகரிப் பரவைக்கடல் என்று வன்னியின் ஓரமெல்லாம் ஆழம் குறைந்த நீர்ப்பரப்புகள்தான். வள்ளம் இல்லாவிட்டாலும் தொடையளவு தண்ணீரில் நின்று நல்ல கொடுவா பிடிக்கலாம். உள்ளே போனால் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளங்கள். இப்படி இறங்கி நிற்பவருக்குப் பக்கத்தில் பெட்டி வைக்க இடமில்லை. தூண்டில் கழற்றும் குறடு, தங்கூசி (தூண்டில் கட்டும் நைலோன் நரம்பு) வெட்டும் நகவெட்டி, கத்தி, அத்தாங்கு (மீன் அள்ளும் கைவலை), பிடித்த மீன் எல்லாம் உடம்பிலேயே தொங்க வேண்டும்.

தொங்கவிடும் முறை பிழைத்தால் என்னென்ன தொல்லை வரும், எதைப் பார்த்து எதைத் திருத்துவது என்பதை இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு வந்த பிரச்சினையை மட்டும் தேடி வாசிக்கலாம். ஆனால் ‘சாமான் விழுந்துவிட்டது, தேட வேண்டும்’ என்ற பகுதியை எல்லோரும் வாசியுங்கள். வன்னியில் அது வேறு விதமான விஷயம்.

குறடு கையிலிருந்து நழுவி விழுகிறது

கயிறு இல்லாமல் பொக்கற்றில் வைத்திருப்பதுதான் காரணம். மீனின் வழுவழுப்பு கையில் ஒட்டியிருக்கும், மீன் ஒருமுறை துள்ளும், குறடு போய்விடும். பிடியை இறுக்கிப் பிடித்துப் பயனில்லை. கயிறு கட்டுவது ஒன்றுதான் வழி.

கயிற்றின் நீளத்தை உங்கள் உடம்பில்தான் அளக்க வேண்டும். கயிற்றின் ஒரு நுனியை விலா எலும்பு முடியும் உயரத்தில் வைத்துக்கொண்டு, மீனைப் பிடித்தால் எந்தத் தூரத்தில் பிடிப்பீர்களோ அங்கே மறு கையை நீட்டுங்கள். குறட்டின் வாய் அந்த இடத்தைத் தொட வேண்டும். கையை விட்டால் குறடு முழங்காலுக்கு மேலேயே நிற்க வேண்டும். அதைவிட நீண்டால் காலில் அடிக்கும், சேற்றில் இழுபடும், கண்டல் வேரில் மாட்டும். குறைந்தால் மீனின் வாய்க்கு எட்டாது. எட்டாதபோது ஆட்கள் செய்வது கயிற்றைக் கழற்றிவிட்டு வேலை பார்ப்பது. அந்த நேரம் பார்த்துத்தான் குறடு விழும்.

சுருள் கயிறு கிடைத்தால் இன்னும் நல்லது. மோட்டார் சைக்கிள் திறப்பில் போடும் பிளாஸ்ரிக் சுருள் போதும். சும்மா இருக்கும்போது ஒரு சாண் நீளம்தான் இருக்கும், இழுத்தால் நீளும். சைக்கிள் ரியூப்பை வெட்டிக் கயிறாகப் போடுபவர்களும் உண்டு. அதைப் பாரமான குறட்டுக்குப் போடாதீர்கள். தூண்டிலில் மாட்டி இழுபட்ட குறடு திடீரென்று விடுபட்டால், இழுத்த ரப்பர் அதை நேரே முகத்துக்கு எறியும்.

கழுத்தில் மாலையாகப் போடுவது வேண்டவே வேண்டாம். களப்பு கடலோடு சேரும் தொடுவாய்ப் பக்கம் நீரோட்டம் இழுக்கும்போது, வலை கட்ட நட்டிருக்கும் களங்கண்டிக் கம்பில் கயிறு மாட்டினால், கழுத்திலுள்ள கயிற்றைக் கழற்ற இரண்டு கையும் போதாது.

கயிறு கட்டியிருந்தும் தொலைந்துவிட்டது

மிஞ்சிய கயிற்றின் நுனியைக் கையில் எடுத்துப் பாருங்கள். என்ன நடந்தது என்பதை அதுவே காட்டும்.

நுனி முறுக்கிச் சுருண்டு பன்றிவால் மாதிரி இருந்தால், அறுபடவில்லை, முடிச்சு நழுவியிருக்கிறது. தங்கூசி கட்டியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். தங்கூசி வழுக்கும், வளைந்த வளைவு நிமிரப் பார்க்கும். தூண்டில் கட்டும் முடிச்சையே குறட்டுக்கும் போடுங்கள். ஓட்டைக்குள்ளே இரண்டு முறை கோர்த்து, நுனியைத் தாய்க்கயிற்றில் ஐந்தாறு சுற்றுச் சுற்றி, ஓட்டையோடு ஒட்டியுள்ள வளையத்துக்குள் விட்டு எடுத்து, எச்சில் அல்லது தண்ணீர் தொட்டு மெதுவாக இறுக்க வேண்டும். காய்ந்தபடி இறுக்கினால் உராய்ந்த சூட்டில் தங்கூசி பலம் குறையும். நுனியில் அரை விரல் நீளம் விட்டு வெட்டி, லைற்றர் சூட்டில் ஒரு சிறு மொட்டாக உருக்கிவிடுங்கள். முடிச்சு கொஞ்சம் நழுவினாலும் மொட்டு தடுக்கும். தாய்க்கயிற்றில் சூடு படக்கூடாது.

நுனி பஞ்சுபோல் பிரிந்திருந்தால் தேய்ந்து அறுந்திருக்கிறது. குறட்டின் கைப்பிடியில் உள்ள ஓட்டையில் விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். ஓரம் கூராகத்தான் இருக்கும். அரத்தால் மழுக்குங்கள், அல்லது ஒரு வளையத்தைப் போட்டு வளையத்தில் கயிற்றைக் கட்டுங்கள். தங்கூசிக்குப் பதிலாக 3 மில்லிமீற்றர்ப் பின்னல் நைலோன் கயிறு போட்டால் நீண்ட நாள் வரும். நைலோன் தண்ணீரை உறிஞ்சும், நனைந்தால் இன்னும் இழுபடும், பலமும் கொஞ்சம் குறையும். ஒரு குறட்டைத் தாங்க அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் கரையில் இறுக்கிய முடிச்சைத் தண்ணீரில் நனைத்து மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை.

கயிறு முழுதாக, முடிச்சும் முழுதாக இருந்தால் வளையத்தைப் பாருங்கள். திறப்பு மாட்டும் இரட்டைச் சுற்று வளையம் மெல்லியதென்றால் இழுவையில் விரியும். நகவெட்டிக்கு அது போதும், குறட்டுக்குத் தடித்தது வேண்டும்.

உடம்புப் பக்கத்து நுனி விட்டிருந்தால் பெரும்பாலும் கொளுக்கியில்தான் பிழை. உப்பும் மணலும் புகுந்த கொளுக்கியின் நாக்கு முழுதாக மூடாது. அரை மயிரிழை திறந்திருந்தாலும் நடக்க நடக்க அது கழன்றுவிடும். மூடும்போது ‘டக்’ என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நல்ல தண்ணீரில் அலசி, ஒரு துளி எண்ணெய் விட்டுப் பாருங்கள். அப்படியும் கேட்காவிட்டால் அந்தக் கொளுக்கி வேண்டாம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சாமான் பக்கம் அவிழாத முடிச்சு, உடம்புப் பக்கம் ஒரு இழுப்பில் அவிழும் முடிச்சு. இரண்டு பக்கமும் அவிழாமல் கட்டினால், கயிறு எதிலாவது மாட்டும்போது நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். குறடு போனால் இன்னொன்று வாங்கலாம்.

வீசும்போது தங்கூசி கயிற்றில் சிக்குகிறது

கயிறு தளர்ந்து வளையமாகத் தொங்குகிறது. சோழகக் காற்று வீசும் மாதங்களில் இது கூடும், காற்று வளையத்தைத் தூக்கித் தடிப் பக்கம் கொண்டுபோகும். சைக்கிள் ரியூப்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி இடுப்புப் பட்டியில் கோர்த்து, மிஞ்சிய கயிற்றை மடித்து அதற்குள் செருகுங்கள். இழுத்தால் வரும், இழுக்காவிட்டால் அசையாது.

இன்னொன்று பக்கம். தடி வீசும் கையின் பக்கம் எதுவும் தொங்கக்கூடாது. களப்பில் வீச்சு வலை போடுபவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வலை தோளில் ஏறும் பக்கத்தை வெறுமையாக விட்டு, மீன் போடும் பனையோலைப் பறியை மற்றப் பக்கம் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக் கட்டியிருப்பார்கள். வலை விரியும்போது எந்த முடிச்சும் எந்தப் பித்தானும் அதைத் தொடாது. வட்டுவாகல் பக்கம் ஒரு பெரியவர் சின்னப் பெடியனுக்குக் கட்டிவிடும்போது சொன்னது: “இஞ்ச வா தம்பி, பறியைப் பின்னுக்குத் தள்ளு. வலைக்கு முன்னால ஒண்டும் நிக்கக் கூடாது.” தூண்டிலுக்கும் அப்படியே செய்யுங்கள்.

மீன் கையில் இருக்கிறது, குறடு எட்டவில்லை

வீட்டில் நின்று பழகிப் பாருங்கள். இடது கையில் ஒரு துணியைச் சுருட்டி மீனாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வலது கையால் குறட்டை எடுத்து, பாவித்து, திரும்ப வையுங்கள். தடவித் தேட வேண்டியிருந்தால் இடம் பிழை. வலது கைக்காரருக்குக் குறடு நெஞ்சின் இடது பக்கம், பிடி மேல்நோக்கியோ வலப்பக்கம் சாய்ந்தோ இருப்பது வசதி. கை உடம்பைக் குறுக்கே கடந்து நேரே பிடியில் போய் நிற்கும்.

நகவெட்டி மட்டும் இரண்டு கைக்கும் எட்டும்படி நடு நெஞ்சில் இருக்க வேண்டும். தூண்டில் ஒரு கையில் ஏறி, மீனும் அதே தூண்டிலில் துள்ளும் நிலை வரலாம். அப்போது மற்றக் கையால் உடனே தங்கூசியை வெட்ட முடிந்தால் காயம் சிறியதாக முடியும். முள்முனை தசைக்குள் ஆழமாகப் போயிருந்தால் அங்கேயே நின்று பிடுங்காமல் வைத்தியசாலைக்குப் போய் எடுத்துவிட்டு, ஏற்பு ஊசி போட வேண்டுமா என்றும் கேளுங்கள்.

எந்த மீனுக்கு எது கையில் வர வேண்டும் என்பதையும் முன்னமே தீர்மானியுங்கள். கொடுவாவுக்குச் செவுள் மூடியின் ஓரம் கத்திபோல் வெட்டும், அதனால் செவுளில் விரல் விடாமல் கீழ்த்தாடையைக் கவ்வும் பிடிதான் முதலில் வர வேண்டும். ஓராவின் முள்ளில் விஷம் உண்டு, கெளிற்றின் முள் வாள்போல் பல்லுள்ளது. இந்த இரண்டையும் கையில் பிடிக்கவே தேவையில்லை. தங்கூசியைப் பிடித்துத் தொங்கவிட்டு, குறட்டால் தூண்டிலின் வளைவைப் பற்றித் தலைகீழாகத் திருப்பினால் மீன் தானாகக் கழன்று விழும். குத்திவிட்டால், குத்தாத கையால் சூடு பார்த்து, தாங்கக்கூடிய சுடுதண்ணீரில் 30 முதல் 90 நிமிடம் குத்துப்பட்ட இடத்தை அமிழ்த்தி வையுங்கள். 45 பாகை செல்சியசுக்கு மேலே போகக்கூடாது. திருக்கை குத்தினாலும் முதலுதவி இதேதான், அதோடு கட்டாயம் வைத்தியரிடம் போக வேண்டும். நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நகர்ந்தால் திருக்கை முன்னமே விலகிப் போகும்.

மிதப்புக் கட்டியும் குறடு தாழ்கிறது

மிதப்பு சிறியது. கணக்கு இலகுவானது. 200 கிராம் எஃகுக் குறடு தண்ணீருக்குள் போனால் ஏறக்குறைய 25 மில்லிலீற்றர் தண்ணீரைத்தான் தள்ளும். மிச்சம் 175 கிராமை மிதப்புத் தூக்க வேண்டும். மிதப்பின் சொந்தப் பாரத்தையும் சேர்த்தால் 200 மில்லிலீற்றருக்குக் குறையாத றெஜிபோமோ (பொதி கட்டும் வெள்ளை நுரைக்கட்டி) செருப்புத் துண்டோ வேண்டும். வலைக்குக் கோர்க்கும் சின்ன மிதப்பு ஒன்று இதற்குக் காணாது. அலுமினியக் குறடென்றால் இதைவிடச் சிறிய மிதப்பே போதும். வீட்டில் வாளித் தண்ணீரில் போட்டுச் சோதியுங்கள். நல்ல தண்ணீரில் மிதந்தால் உப்புத் தண்ணீரில் நிச்சயம் மிதக்கும். மறுபக்கம் அப்படி இல்லை, களப்பில் மிதந்தது குளத்தில் தாழலாம்.

என் அபிப்பிராயம், கயிறு ஒழுங்காக இருந்தால் குறட்டுக்கு மிதப்பு வேண்டாம். இடுப்பில் அவ்வளவு பெரிய கட்டை இடைஞ்சல். மிதப்பு வேண்டியது அத்தாங்குக்கும் கைத்தொலைபேசி வைக்கும் பைக்கும்.

சாமான் விழுந்துவிட்டது, தேட வேண்டும்

முதலில் அசையாதீர்கள். ஒரு அடி எடுத்து வைத்தால் சேறு கலங்கும், சாமானும் காலடியில் அமிழும். தடியின் அடி நுனியை விழுந்த இடத்தில் மெதுவாக நிறுத்தி அடையாளம் வையுங்கள். தண்ணீர் தெளியும்வரை நில்லுங்கள். மணல் தரையென்றால் பெரும்பாலும் கண்ணில் படும். எடுக்கும்போது அத்தாங்கால் மேலோட்டமாக அள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரியவில்லையா, விட்டுவிடுங்கள். இதை வன்னிக்காகத்தான் சொல்கிறேன். 2009 மே மாதம் போர் முடிந்தது நந்திக்கடல் கரையில். இந்தப் பகுதிகளில் கண்ணிவெடி அகற்றும் வேலை அதற்குப் பிறகு பல வருடங்களாக நடந்துவருகிறது. தண்ணீருக்கடியில், சேற்றுக்குள், மழைவெள்ளம் அடித்து ஒதுக்கிய மணலுக்குள் வெடிக்காத பொருட்கள் கிடக்கலாம். காலால் துழாவுவது, கையைச் சேற்றுக்குள் விட்டுத் தேடுவது, கயிற்றில் காந்தம் கட்டி இழுப்பது எதுவும் வேண்டாம். காந்தத்துக்கு உங்கள் குறடும் ஒன்றுதான், பழைய எறிகணையும் ஒன்றுதான். இணையத்தில் வெளிநாட்டார் காந்தம் போட்டு இரும்பு எடுப்பதைப் பார்த்து இங்கே செய்யப் போகாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள்.

காலில் ஏதோ உலோகம் தட்டுப்பட்டால் தூக்கிப் பார்க்காமல், வந்த வழியே திரும்பி, இடத்தை மனதில் குறித்துக்கொண்டு 119 இலக்கத்துக்கோ கிட்டிய பொலிஸ் நிலையத்துக்கோ அறிவியுங்கள். மண்டையோட்டுப் பலகையும் சிவப்பு நாடாவும் உள்ள கரையால் தண்ணீருக்குள் இறங்கவே கூடாது. ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தில் கேட்டால் எந்தத் துறையால் ஆட்கள் தினமும் இறங்குகிறார்கள் என்று சொல்வார்கள். எந்தப் பகுதி வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ் வருகிறது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

இதனால்தான் கயிற்றைப் பற்றி இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். வேறு ஊர்களில் கயிறு இல்லாவிட்டால் ஒரு குறடு நட்டம். இங்கே அதைத் தேடப் போவதுதான் ஆபத்து.

இழுத்தால் நீண்டு தானாகச் சுருங்கும் கொளுக்கி வேலை செய்யவில்லை

கந்தோர் அடையாள அட்டைக்குப் போடும் சுருக்கியை நகவெட்டிக்கு மட்டும் போடுங்கள். குறட்டின் பாரத்தில் அதன் நூல் எப்போதும் வெளியே தொங்கும். நகவெட்டியோடும் நூல் உள்ளே போக மறுத்தால் உப்பு இறுகியிருக்கிறது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, நூலைப் பல தடவை இழுத்து விடுங்கள். கரகர என்று சத்தம் வந்தால் மணல். உள்ளே இருக்கும் சுருள்வில் சாதாரண எஃகு என்பதால் துரு பிடித்தபின் திருத்த முடியாது.

கத்தி உறையிலிருந்து வருவதில்லை, அல்லது தானாக வருகிறது

இரண்டும் உறையின் பிழை. தோல் உறை உப்புத் தண்ணீரை உறிஞ்சி ஊதும், காய்ந்தால் இறுகும், கத்தியையும் அரிக்கும். தண்ணீர் வடிய அடியில் ஓட்டையுள்ள பிளாஸ்ரிக் உறைதான் களப்புக்குச் சரி. தளர்ந்த உறைக்கு வாயில் ஒரு ரியூப் வளையம் போடுங்கள். கத்தியைக் கயிற்றில் கட்டாதீர்கள். எல்லாவற்றையும் கட்டச் சொல்லிவிட்டு இதை மட்டும் வேண்டாம் என்கிறேன், ஏனென்றால் வெறும் அலகு கயிற்றில் ஊசலாடினால் தொடையில் ஏறும். விழுந்தால் விழட்டும். மொட்டை நுனிக் கத்தியே போதும், மீன் கழுவுவது கரையில்தானே.

கோர்வையில் இருந்த மீன் போய்விடுகிறது, அல்லது காலில் குத்துகிறது

செவுளால் கோர்த்த மீன் செவுள் கிழிந்து போகும். உயிரோடு வைத்திருக்க வேண்டுமென்றால் கீழ்த்தாடையின் மெல்லிய தோலால் கோருங்கள். கயிறு 2 மீற்றராவது இருந்தால் மீன் பின்னால் மிதந்து வரும், தொடையில் முட்டாது. உடம்புப் பக்கம் அவிழும் முடிச்சு, இங்கேயும் மறக்க வேண்டாம். ஓரா, கெளிறு இரண்டையும் கோர்வையில் சேர்க்காமல் பறிக்குள் போடுங்கள்.

குளத்தில் இது எதுவும் செய்யாதீர்கள். வன்னிக் குளங்களில் முதலை இருக்கிறது. இரத்தம் கசியும் விராலையும் யப்பான் மீனையும் (திலாப்பியா) இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நிற்பது முதலையைப் பக்கத்தில் கூப்பிடுவதுதான். பிடித்த ஒவ்வொரு மீனையும் உடனே கரைக்குக் கொண்டுபோய், தண்ணீரிலிருந்து தள்ளி வையுங்கள். பின்னேரம் இருட்டுப்பட முன் வெளியே வந்துவிடுங்கள். முதலை பற்றி ஊர்ச்சனம் எச்சரிக்கும் குளமென்றால் இறங்கவே வேண்டாம், குளக்கட்டில் நின்றே தூண்டில் போடலாம்.

குறடு திறக்கவில்லை, துருப்பிடித்துவிட்டது

வறட்சிக் காலத்தில் களப்பு வற்ற வற்ற உப்புக் கூடும். ஆவணி, புரட்டாதியில் சுண்டிக்குளம், நந்திக்கடல் ஓரங்களில் உப்புப் படிந்து வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாரியில் தாங்கிய குறடு அப்போது சில நாட்களிலேயே இறுகும்.

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று நம்பி ஈரத்தோடு உறையில் வைப்பவர்கள் பலர். எவர்சில்வரைக் காப்பது அதன் மேலுள்ள மிக மெல்லிய படலம். அந்தப் படலம் தன்னைத் திருத்திக்கொள்ளக் காற்று வேண்டும். காற்றுப் புகாத உறைக்குள் உப்பு ஈரம் நின்றால் அங்கேதான் குத்துக்குத்தாக அரிக்கும். அலுமினியக் குறட்டில் எஃகு ஆணி இருந்தால் உப்புத் தண்ணீரில் ஆணியைச் சுற்றிய அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். இரண்டு உலோகம் ஒட்டியிருக்கும் இடத்தில் அப்படித்தான் நடக்கும். அலுமினியக் கொளுக்கியில் எஃகு வளையம் போட்டிருந்தாலும் இதே கதை.

வீட்டுக்கு வந்ததும் குறட்டை உறையிலிருந்து எடுத்து, வாயைத் திறந்து மூடியபடி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். எங்கள் பக்கத்துக் கிணறுகள் சில உவர், அந்தத் தண்ணீரில் கழுவிப் பலனில்லை, குடிக்கும் தண்ணீரில் ஒரு கோப்பை போதும். நிழலில் காயவைத்து, அச்சில் ஒரு துளி தையல் மெசின் எண்ணெய் விடுங்கள். தேங்காயெண்ணெய் விட்டால் நாளடைவில் பிசினாகிவிடும். ஏற்கெனவே இறுகியிருந்தால் சுத்தியலால் தட்டாமல், மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறவைத்து மெல்ல மெல்ல அசைத்துப் பாருங்கள்.

கயிற்றையும் அதே தண்ணீரில் அலசி, வெயில் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். வெயில் நைலோனை உக்க வைக்கும். கையில் உருட்டிப் பார்க்கும்போது சொரசொரவென்றோ தூள் ஒட்டுவது போலவோ இருந்தால் அந்தக் கயிற்றை எறிந்துவிட்டுப் புதிதாக ஒரு பாகம் வாங்கிக் கட்டுங்கள்.